மூன்று பொத்தான்களும் ஒரு பசியும்

சேலம் பேருந்து நிலையத்தில் ஏற்காடு வண்டி புறப்படக் காத்திருக்கும்போது, 1996-ல் ஜப்பானில் வந்த தமகோச்சி பொம்மை ஒன்றுக்குப் பேட்டரி போட்டு, கடிகார நேரத்தைச் சரிசெய்து வைப்பதாகக் கொள்வோம். சின்னத் திரையில் ஒரு முட்டை துடிக்கத் தொடங்கும். வண்டி ஊரைத் தாண்டுவதற்குள், ஐந்தே நிமிடத்தில், முட்டை உடைந்து குஞ்சு வெளியே வந்துவிடும். வந்த வேகத்தில் ‘பீப் பீப்’ என்று அழைக்கும். பிறக்கும்போதே அதற்கு வயிறு காலி, மகிழ்ச்சியும் காலி. அடிவாரம் வருவதற்குள் நாலைந்து முறை ஊட்டியாக வேண்டும், இடையிடையே விளையாடியும் காட்ட வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி திரும்பும்போது அது மலம் கழித்து வைக்கும். சுத்தம் செய்ய வேண்டும். நடுவில் ஐந்து நிமிடம் கண்ணயரும். விளக்கை அணைக்க வேண்டும். 20 வளைவுகளும் முடிந்து ஏரி கண்ணில் படும் நேரத்தில், பிறந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். கைக்குழந்தைப் பருவம் முடிந்து அது வேறு உருவம் எடுக்கும்.

அந்த ஒரு மணி நேரத்தில் பொம்மையை வைத்திருந்த குழந்தை சன்னலுக்கு வெளியே எத்தனை முறை பார்த்திருக்கும்? மலையேறும்போது குழந்தை வேடிக்கை பார்க்கவில்லையே என்று பெற்றோர் ஆதங்கப்படுவது நியாயம்தான். ஆனால் அந்தக் குழந்தை சும்மா இருக்கவில்லை. ஒரு மணி நேரம் முழுக்க, தன்னைத் தவிர வேறொன்றின் பசியை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது. ஏழெட்டு வயதில் அது சின்ன விஷயம் இல்லை.

தமகோச்சியின் கணக்கில் நமக்கு ஒரு நாள் என்றால் அதற்கு ஒரு வயது. வெள்ளிக்கிழமை மாலை மலையேறி ஞாயிறு மாலை இறங்கும் குடும்பத்தின் சுற்றுலாவுக்குள் அது குழந்தைப் பருவத்தின் பெரும்பகுதியைக் கடந்துவிடும். ஒரு வாரத்துக்குள் வளர்ந்து பெரியதாகும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் இரண்டு, மூன்று வாரம் வாழும். கவனிக்காமல் விட்டால் அதற்கு முன்பே போய்விடும்.

ஆமையைக் கூட்டிப்போக முடியாத சிறுவன்

இந்தப் பொம்மை பிறந்ததே ஒரு பயணத்தை முன்னிட்டுத்தான். வெளியூர் போகும்போது தன் ஆமையையும் கூட்டிப்போக ஆசைப்படும் சிறுவன் ஒருவனைக் காட்டிய தொலைக்காட்சி விளம்பரத்தை அகிஹிரோ யோகோய் பார்த்தார். டோக்கியோவில் ‘விஸ்’ என்ற பொம்மை வடிவமைப்பு நிறுவனத்தை நடத்திவந்தவர் அவர். எங்கே போனாலும் கூடவே வரக்கூடிய ஒரு வளர்ப்புப் பிராணி இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்தார். முதலில் அதைக் கைக்கடிகாரமாகத்தான் நினைத்தார்கள். பிறகு அது சங்கிலியில் தொங்கும் முட்டை வடிவமாக மாறியது.

யோசனையைப் பொருளாக்கியதில் பெரும் பங்கு பண்டாய் பொம்மை நிறுவனத்தில் பணிபுரிந்த அகி மைத்தா என்ற இளம்பெண்ணுடையது. மாதிரிப் பொம்மைகளை டோக்கியோவின் ஷிபுயா பகுதிக்குக் கொண்டுபோய்ப் பள்ளி மாணவிகளிடம் கொடுத்து, அவர்கள் எதை விரும்புகிறார்கள், எதைத் தள்ளுகிறார்கள் என்று கவனித்தார். 1996 நவம்பர் 23-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தபோது கடை வாசல்களில் வரிசை நின்றது. 1997 மே மாதம் அமெரிக்காவுக்குப் போனது. அங்கே எஃப்.ஏ.ஓ. ஷ்வார்ஸ் பொம்மைக் கடைகளில் மூன்றே நாளில் 30,000 விற்றுத் தீர்ந்தது. முதல் அலை ஓய்வதற்குள் உலகம் முழுவதும் சுமார் 4 கோடி பொம்மைகள் போய்ச் சேர்ந்தன.

அதே 1997-ல் பண்டாயும் சேகா வீடியோ கேம் நிறுவனமும் இணையப்போவதாக ஜனவரியில் அறிவித்து, மே மாதத்தில் கைவிட்டன. பண்டாய் ஊழியர்களிடையே அந்த இணைப்புக்குக் கடும் எதிர்ப்பு இருந்தது. தமகோச்சியின் வெற்றி அவர்களுக்குத் தெம்பு தந்தது. அந்த ஆண்டின் இக் நோபல் பரிசு, பொருளாதாரப் பிரிவில், யோகோய்க்கும் மைத்தாவுக்கும் கிடைத்தது. லட்சக்கணக்கான மனித வேலை நேரத்தைத் திரைக்குள் இருக்கும் பிராணியைப் பராமரிக்கத் திருப்பிவிட்டதற்காக என்று காரணம் சொன்னார்கள். முதலில் சிரிக்கவைத்துப் பிறகு சிந்திக்கவைக்கும் பரிசு அது. சிரிப்போடு நிறுத்திக்கொண்டவர்கள்தான் அதிகம். அந்த நேரம் வீணானதா என்ற கேள்வியைக் கொஞ்சம் பொறுமையாகக் கேட்டுப் பார்க்கலாம்.

வேகமாக ஏறிய மோகம் வேகமாகவே இறங்கியது. தேவை குறையத் தொடங்கிய நேரத்தில் உற்பத்தி பெருகியிருந்தது. விற்காத சரக்கு குவிந்து நிறுவனம் நட்டப்பட்டது. ஆனால் பொம்மை சாகவில்லை. 2004-ல் அகச்சிவப்புக் கதிர் வழியாக ஒன்றோடொன்று பேசும் மாதிரி வந்தது, பிறகு வண்ணத் திரை, 2023-ல் வைஃபை. 2025-ல் மொத்த எண்ணிக்கை 10 கோடியைத் தாண்டியதாகப் பண்டாய் அறிவித்தது. அதே ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் ரோச்செஸ்டரில் உள்ள அருங்காட்சியகம் தன் உலக வீடியோ கேம் கௌரவப் பட்டியலில் தமகோச்சியைச் சேர்த்தது.

திரைக்குள் என்ன நடக்கிறது

முதல் தமகோச்சியின் திரை அகலத்தில் 32 புள்ளி, உயரத்தில் 16 புள்ளி. மொத்தம் 512 கறுப்புப் புள்ளிகள், அவ்வளவுதான். உள்ளே இருந்தது எப்சன் நிறுவனத்தின் 4 பிட் சில்லு. கைக்கடிகாரம், கால்குலேட்டர் போன்ற சின்னச் சாதனங்களுக்கு ஏற்ற வகை. இன்றைய மிக மலிவான கைபேசியோடும் ஒப்பிட முடியாத எளிய கருவி. அதற்குள் ஒரு பிராணியை வாழவைத்ததுதான் சாமர்த்தியம்.

பொத்தான்கள் மூன்று: தேர்ந்தெடுக்க ஒன்று, செய்து முடிக்க ஒன்று, வேண்டாம் என்று சொல்ல ஒன்று. திரையின் மேலும் கீழும் எட்டுப் படங்கள். சாப்பாடு, விளக்கு, விளையாட்டு, மருந்து, கழிப்பறை, உடல்நிலை, கண்டிப்பு, எட்டாவதாக அழைப்புக் குறி. முதல் ஏழும் வளர்ப்பவர் கையில். எட்டாவதை வளர்ப்பவர் தொட முடியாது. அது பொம்மைக்கு உரியது. ஏதாவது தேவைப்பட்டால் தானாக எரியும். ஏறத்தாழ 15 நிமிடத்துக்குள் கவனிக்காவிட்டால் ஒரு தவறு என்று உள்ளே குறித்துக்கொள்ளும்.

பசிக்கு நான்கு இதயக் குறி, மகிழ்ச்சிக்கு நான்கு. சாப்பாடு கொடுத்தால் பசி இதயம் ஒன்று நிறையும். தின்பண்டம் கொடுத்தால் மகிழ்ச்சி இதயம் நிறையும். இரண்டில் எது எளிது என்று எந்தக் குழந்தையும் உடனே கண்டுபிடித்துவிடும்: மிட்டாய்தான். விளையாடி மகிழ்விக்க வேண்டுமென்றால் அது இடது பக்கம் திரும்புமா வலது பக்கம் திரும்புமா என்று ஐந்து முறை ஊகிக்க வேண்டும், மூன்று முறையாவது சரியாகச் சொல்ல வேண்டும். மிட்டாய்க்கு இரண்டு அழுத்தல் போதும். ஆனால் மிட்டாய் எடையைக் கூட்டும். அளவு மீறினால் நோயும் வரும். விளையாட்டு எடையைக் குறைக்கும். நோய் வந்தால் மண்டையோட்டுப் படம் தோன்றும். ஒரு ஊசி போதாமல் இரண்டாவதும் போட வேண்டியிருக்கலாம்.

ஏற்காடு மலைப்பாதையில் இந்தப் பாடத்தின் நிஜ வடிவம் தினமும் நடக்கிறது. வளைவுகளில் வண்டியை நிறுத்திச் சுற்றுலாப் பயணிகள் குரங்குகளுக்கு பிஸ்கட்டும் சிப்ஸும் வீசுகிறார்கள். குரங்கு ஓடிவருகிறது, குழந்தைகள் கைகொட்டுகிறார்கள், மகிழ்ச்சி இதயம் நிறைந்துவிட்டதாகத் தோன்றுகிறது. காட்டில் பழமும் தளிரும் தேட வேண்டிய கூட்டம் சாலையோரத்தில் உட்கார்ந்து வண்டிகளை எதிர்பார்க்கப் பழகிவிடுகிறது. சக்கரத்தில் அடிபடுகிறது, கையிலிருக்கும் பையைப் பிடுங்குகிறது, பிறகு தொல்லை என்று பெயரெடுக்கிறது. உணவு கொடுக்காதீர்கள் என்று வனத்துறை சொல்வது இதனால்தான். கொடுப்பவருக்கு இன்பம் தருவது வாங்கும் பிராணிக்கு நல்லதாக இருக்கவேண்டிய கட்டாயமில்லை. 512 புள்ளிகளில் அதைக் குழந்தைக்கு உணரவைத்த பொம்மை இது.

கண்டிப்புப் பொத்தானும் கவனிக்கத் தக்கது. சில நேரம் பசியும் இல்லாமல், சோர்வும் இல்லாமல் வெறுமனே அழைக்கும். அப்போது சாப்பாடு நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அந்தத் தருணத்தில் கண்டித்தால் ஒழுங்கு அளவுகோல் ஒரு படி ஏறும். நிஜமாகவே தேவை இருக்கும்போது கண்டித்தால் பயனில்லை. ஆக, ஒவ்வொரு அழைப்புக்கும் முதலில் என்ன காரணம் என்று பார்க்க வேண்டும். கைக்குழந்தை அழும்போது பசியா, ஈரமா, வயிற்றுவலியா, வெறும் சிணுங்கலா என்று நம் வீட்டுப் பாட்டிகள் பிரித்தறிவது இதே வேலைதான்.

வளர்ப்பு எப்படி இருந்தது என்பது கடைசியில் உருவத்தில் தெரிந்துவிடும். தவறு குறைவாக, ஒழுங்கு நிறைவாக வளர்த்தால் ‘மாமெச்சி’ என்ற, காது முளைத்த, சூட்டிகையான உருவம் கிடைக்கும். அலட்சியமாக விட்டால் தடித்த உதடும் நீண்ட காலுமாக ‘தாராகோச்சி’ வந்து நிற்கும். ஒரு வாரக் கவனிப்பின் கணக்கை யாரும் மறைக்க முடியாது.

விடுதியில் விளக்கணைக்கும் நேரம்

ஏற்காடு குழந்தைகளின் ஊர். சேக்ரட் ஹார்ட் கான்வென்ட் 1894-ல் தொடங்கியது, மாண்ட்ஃபோர்ட் பள்ளி 1917-ல். சமவெளியிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் பிள்ளைகளை இங்கே விடுதியில் சேர்ப்பது நூறாண்டு தாண்டிய வழக்கம். ஜூன் மாதத்தில் பெட்டியோடு மலையேறும் பிள்ளை வீட்டில் விட்டுவருவது அப்பா அம்மாவை மட்டுமில்லை. வாசல் வரை ஓடிவந்த நாயையும், கட்டிலுக்கடியில் படுத்திருக்கும் பூனையையும் விட்டுத்தான் வர வேண்டும். விடுதி அறையில் பிராணி வளர்க்க வழியில்லை. யோகோய் பார்த்த விளம்பரத்துச் சிறுவனுக்கு ஒரு பயணத்துக்குத்தான் ஆமையைப் பிரிய வேண்டியிருந்தது. விடுதிப் பிள்ளைக்கு அது ஒரு பருவம் முழுக்க.

அப்படிப் பார்த்தால் தமகோச்சி இந்த மாதிரி ஊர்களுக்கென்றே செய்தது போலத் தோன்றும். ஆனால் பள்ளியோடுதான் அதற்கு முதல் மோதல் வந்தது. குழந்தைப் பருவத்துத் தமகோச்சி இரவு எட்டு மணிக்குத் தூங்கி, காலை ஒன்பது மணிக்கு விழிக்கும். இரவில் பிரச்சினை இல்லை; விடுதியில் விளக்கணைக்கும் நேரத்துக்கு முன்பே அது உறங்கிவிடும். விழிக்கும் நேரம்தான் தொல்லை. வகுப்பில் முதல் பாடம் நடக்கும்போது அதற்குப் பசி எடுக்கும், மதியச் சாப்பாட்டு மணிக்குள் மறுபடியும் அழைக்கும். முதல் மாதிரியில் நிறுத்திவைக்க முறையான வழி எதுவும் இல்லை. 1997-ல் அமெரிக்கா, ஐரோப்பா, ஆசியா என்று பல நாட்டுப் பள்ளிகள் தடைவிதித்தன. பிள்ளைகள் வகுப்பில் இருக்கும் நேரத்தில் அம்மாக்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து பொம்மைக்கு ஊட்டினார்கள்.

பிள்ளைகளே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கடிகார நேரத்தை மாற்றும் பக்கத்துக்குப் போய் அப்படியே விட்டுவிட்டால் பிராணியின் காலம் உறைந்துவிடும். பசிக்காது, வளராது. பின்னர் வந்த மாதிரிகள் சிலவற்றில், கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ள ஆள்விட்டுப் போகும் வசதியை நிறுவனமே வைத்தது. ஆசிரியர்களுக்கு நிம்மதி. படிக்கும் நேரத்தில் பொம்மையை ஒதுக்கி வைக்கவேண்டும் என்பதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. ஆனாலும் உறையவைத்த பிராணிக்கும் காத்திருக்கும் பிராணிக்கும் வித்தியாசம் உண்டு. தன் வசதிக்குத் தகுந்தபடி நிறுத்தி ஓட்டக்கூடிய பிராணி, பிராணி என்ற நிலையிலிருந்து ஒரு படி இறங்கிவிடுகிறது.

இறப்பும் அப்படித்தான். ஜப்பானிய மாதிரியில் கல்லறையும் அருகே ஆவியும் தோன்றின. மேற்கு நாடுகளுக்குப் போனபோது அதை மாற்றி, சிறகு முளைத்துத் தன் சொந்தக் கிரகத்துக்குத் திரும்பிவிட்டது என்று மென்மைப்படுத்தினார்கள். குழந்தைகள் ஏமாறவில்லை. இங்கிலாந்தின் கார்ன்வாலில் செல்லப்பிராணிகளின் மயானம் ஒன்றில், இறந்த தமகோச்சிகளைப் புதைக்கத் தனி இடம் ஒதுக்கினார்கள். பொத்தானை அழுத்தினால் புது முட்டை வரும் என்று தெரிந்தே, பழையதற்காக அழுத பிள்ளைகள் அவர்கள். இது பிள்ளைகளோடு நிற்கவில்லை. ஜப்பானில் சோனி 1999-ல் வெளியிட்ட ‘ஐபோ’ இயந்திர நாய்க்கு 2014-ல் பழுதுபார்ப்பை நிறுத்தியபோது, சீபா மாகாணத்தில் இசுமி என்ற ஊரின் புத்தர் கோயிலில் ஐபோக்களை வரிசையாக அடுக்கி இறுதிச் சடங்கு நடத்தினார்கள். அந்த நாய்களின் சொந்தக்காரர்களில் பலர் முதியவர்கள்.

ஜீனோவைக் கொஞ்சிய தமிழர்கள்

தமிழ் வாசகர்களுக்கு இதெல்லாம் புதிதில்லை. தமகோச்சி வருவதற்குப் பத்தாண்டு முன்பே ஒரு இயந்திரப் பிராணியை அவர்கள் வாரந்தோறும் எதிர்பார்த்துக் கொஞ்சியிருக்கிறார்கள். 1980-களில் ஆனந்த விகடனில் சுஜாதா எழுதிய ‘என் இனிய இயந்திரா’ தொடரில் வரும் ஜீனோ அது. பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்து, மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்கேற்றவர் சுஜாதா. சில்லுகளால் என்ன முடியும், என்ன முடியாது என்று நன்றாகத் தெரிந்தவர் உருவாக்கிய நாய். புத்தகம் படிக்கும், யோசிக்கும், வாதாடும், ஆபத்தில் கதாநாயகி நிலாவுக்குத் துணைநிற்கும். வாசகர்களின் அன்பு ‘மீண்டும் ஜீனோ’வையும் எழுதவைத்தது, கதை தூர்தர்ஷனிலும் தொடராக வந்தது.

ஜீனோவையும் தமகோச்சியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு பெரிய விஷயம் தெளிவாகும். ஜீனோ புத்திசாலி, நமக்கு உதவும், நம்மோடு பேசும், அதனால் பிடிக்கும். தமகோச்சிக்கு ஒன்றும் தெரியாது. ஒரு வார்த்தை பேசாது. நமக்காக அது செய்வது எதுவுமே இல்லை. நாம்தான் அதற்கு ஊட்டுகிறோம், துடைக்கிறோம், விளக்கை அணைக்கிறோம். ஆனாலும் பிள்ளைகள் அதன்மேல் உயிரை வைத்தார்கள். பாசம் பெறுவதால் வளர்வதைவிடக் கொடுப்பதால்தான் அதிகம் வளர்கிறது என்பதற்கு இவ்வளவு துல்லியமான சான்று வேறு பொம்மையில் கிடைக்காது.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பேராசிரியர் ஷெர்ரி டர்க்கிள் இதையே பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். முந்தைய தலைமுறைக் கணினிப் பொம்மைகளைக் கண்ட பிள்ளைகள், அது எப்படி வேலை செய்கிறது, அதற்கு அறிவு உண்டா என்று கேட்டார்கள். தமகோச்சியைக் கையில் வாங்கிய பிள்ளைகள் அந்தக் கேள்வியை விட்டுவிட்டு, அதற்கு என்ன வேண்டும் என்று கேட்கத் தொடங்கினார்கள். 2011-ல் வந்த தன் நூலில் அவர் இதைக் கவலையோடு பதிவுசெய்திருக்கிறார். தேவையைக் காட்டி நம்மை இழுக்கும் இயந்திரம், நாளை அதே வழியில் நம்மை ஏமாற்றவும் கூடும் என்பது அவர் அச்சம்.

அந்த அச்சத்தைத் தள்ளிவிட முடியாது. ஜப்பானில் உருவான ‘பாரோ’ என்ற கடல்நாய்க்குட்டி வடிவ ரோபோவை முதியோர் இல்லங்களில், மறதி நோயாளிகளின் மடியில் வைக்கிறார்கள். 2009-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதை மருத்துவச் சாதனமாக ஏற்றது. கையும் மனமும் வேலையற்றுப்போன முதியவருக்குத் தடவிக்கொடுக்க ஏதோ ஒன்று இருப்பது நல்லதுதான். பிள்ளைகள் வந்து பார்க்காததற்கு அது ஈடு என்று நினைத்தால் ஆபத்து.

இப்போது சந்தைக்கு வரும் செயற்கை நுண்ணறிவுப் பொம்மைகள் தமகோச்சியின் பாதையை விட்டு ஜீனோவின் பாதையில் போகின்றன. பேசுகின்றன, கதை சொல்கின்றன, குழந்தை என்ன சொன்னாலும் தலையாட்டுகின்றன. பசிப்பதில்லை, கோபிப்பதில்லை, காத்திருக்கவைப்பதில்லை. 2025 நவம்பரில் அமெரிக்க நுகர்வோர் அமைப்பு ஒன்று சோதித்தபோது, பேசும் கரடி பொம்மை ஒன்று குழந்தைகளிடம் சொல்லவே கூடாதவற்றைச் சொன்னது தெரியவந்து விற்பனை நிறுத்திவைக்கப்பட்டது. அந்தக் கோளாறைச் சரிசெய்துவிடலாம். எதையும் கேட்காமல் கொடுத்துக்கொண்டே இருக்கும் தோழமைக்குப் பழகிய குழந்தை, கேட்கும் பிராணியையும் கேட்கும் தம்பி தங்கையையும் எப்படி எதிர்கொள்ளும் என்பது அதைவிடக் கடினமான கேள்வி. இரண்டில் ஒன்றைக் கொடுத்தே ஆகவேண்டுமென்றால், அந்த 512 புள்ளிப் பிராணியே மேல்.

21 நாள் முட்டை

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில், மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்களில் வளரும் பிள்ளைக்கு முட்டை பொரிக்க ஐந்து நிமிடம் போதாது என்று தெரியும். அடைக்கோழி 21 நாள் உட்கார வேண்டும். இரை எடுக்கக் கொஞ்ச நேரம் எழுந்து, உடனே திரும்பி, முட்டைகளைப் புரட்டிவிட்டு மறுபடி அமரும். கூடையை எங்கே வைப்பது, கீரிக்கும் பாம்புக்கும் எப்படிக் காவல் இருப்பது என்பதெல்லாம் வீட்டாரின் வேலை. பொரித்த குஞ்சுகள் எல்லாமே பிழைக்காது. மழைக்காலத்து ஈரமும் குளிரும் சிலவற்றைக் கொண்டுபோகும். அங்கே மறுபடி தொடங்கும் பொத்தான் இல்லை.

இந்த மலையில் வளர்ப்பு என்பது நீண்ட கணக்கு. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே பயிராக்கிய காப்பி, நட்டு மூன்று நான்கு ஆண்டு கழித்தே காய்க்கத் தொடங்கும். இந்தியத் தாவரவியல் ஆய்வகம் ஏற்காட்டில் வைத்திருக்கும் ஆர்க்கிட் தோட்டத்துச் செடிகளில் பல, விதையிலிருந்து பூவுக்கு வரப் பல ஆண்டு எடுக்கும் வகை. ஆண்டுதோறும் மே மாதக் கோடை விழாவில் மலர்க் கண்காட்சியோடு நாய்க் கண்காட்சியும் உண்டு. மேடையில் அரை மணி நேரம் நிற்கும் நாய்க்குப் பின்னால் ஆண்டு முழுக்க நேரம் தவறாத சாப்பாடும் தடுப்பூசியும் விடிகாலை நடையும் இருக்கின்றன.

இதற்கெல்லாம் தமகோச்சி மாற்று ஆகாது. அதைத் தொட்டால் சூடு இல்லை, வாசனை இல்லை, நம்மை அடையாளம் கண்டு அது ஓடிவராது. ஆனால் நாய் வேண்டும் என்று அடம்பிடிக்கும் பிள்ளைக்கு முன்னோட்டமாக அது உதவும். மூன்று வாரம் அழைப்புக்கு அழைப்பு எழுந்து போகிறதா, நாலாம் நாளே மேசை இழுப்பறையில் போட்டுவிடுகிறதா என்று பெற்றோர் பார்த்துக்கொள்ளலாம். விடுமுறைக்கு வாங்கி, பள்ளி திறந்ததும் தெருவில் விடும் நாய்க்குட்டிகளை நினைத்தால், அந்தச் சோதனையைப் பொம்மையோடு செய்வது எவ்வளவோ மேல்.

வாங்குவதும் வைத்திருப்பதும்

மூல நிறுவனத்தின் பொம்மையைவிட அதன் நகல்களே நம் கடைவீதிகளுக்கு ஏற்ற விலை. ‘ஒன்றுக்குள் 49 பிராணி’, ‘ஒன்றுக்குள் 168 பிராணி’ என்று அட்டையில் அச்சிட்ட சீன முட்டைகள் அவை. நாய், பூனை, டைனோசர் என்று எது வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம். எண்ணிக்கை அதிகம், நுணுக்கம் குறைவு. எந்தப் பிராணியும் மற்றதைப் போலவே சாப்பிட்டு மற்றதைப் போலவே தூங்கும். வளர்ப்பவரின் தரத்துக்கு ஏற்ப உருவம் மாறும் அந்த முக்கியமான அம்சத்தை இவற்றில் எதிர்பார்க்க வேண்டாம்.

2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மின்சாரத்தாலோ பேட்டரியாலோ இயங்கும் பொம்மைகளுக்கான தர எண் ஐ.எஸ். 15644. 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-ல் 70 ஆகவும் ஏறிய இறக்குமதி வரி காரணமாக அசல் பொம்மையின் விலை உயர்ந்தே இருக்கும். மலிவாகக் கிடைக்கிறது என்று முத்திரை இல்லாததை வாங்குவதில் விலையைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு: பேட்டரி மூடி.

பொத்தான் வடிவ பேட்டரியை விழுங்கிய குழந்தையின் உணவுக்குழாயில் அது சிக்கினால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண்ணை உண்டாக்கும். நாணயம் அளவுள்ள லித்தியம் வகை மிகவும் மோசம். வாந்தி எடுக்கவைக்கக் கூடாது; வலி வரட்டும் என்று காத்திருக்கவும் கூடாது. உள்நோக்கிக் கருவியால் எடுக்கும் வசதிக்கு ஏற்காட்டிலிருந்து சேலம் இறங்க வேண்டியிருக்கலாம். அதற்கே ஒரு மணி நேரம் போய்விடும். ஆகவே மூடி திருகாணியால் பூட்டியிருக்கிறதா என்று வாங்கும் முன் பார்ப்பது, வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் மாற்று பேட்டரிகளை உயரத்தில் வைப்பது, இரண்டையும் தள்ளிப்போடக் கூடாது.

மலையில் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கவலை ஈரம். மழைக்காலத்து மூடுபனி அலமாரித் துணியில் பூசணம் பிடிக்கவைக்கும். பேட்டரி முனைகளிலும் பச்சையும் வெள்ளையுமாகப் படியும். திரை மங்கினால் பொம்மை கெட்டுவிட்டது என்று முடிவுகட்டுவதற்கு முன் மூடியைக் கழற்றிப் பார்க்கலாம். கசிந்த அல்கலைன் பேட்டரியின் படிவைப் பஞ்சில் துளி வினிகர் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டால் பல நேரம் உயிர் திரும்பும். முதல் தலைமுறைப் பொம்மைகளில் பேட்டரியைக் கழற்றினால் உள்ளிருந்த பிராணியின் நினைவும் அழிந்துவிடும் என்பதால், பழையதை வைத்திருப்பவர்கள் அதன் ஆயுள் முடிந்த பிறகே மாற்றுவார்கள். பயன்படுத்தாமல் எடுத்துவைக்கும்போது பேட்டரியை உள்ளே விடக் கூடாது. நிறுத்திய காரின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டுப் போனால் வெயிலில் திரை கறுத்துவிடும்.

தீர்ந்த பேட்டரியைக் காப்பித் தோட்டத்து ஓடையிலோ, ஏரியோரக் குப்பையிலோ போடக் கூடாது. 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரிகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. மின்னணுக் கழிவு விதிகளின் பட்டியலில் பொம்மைகளும் இருக்கின்றன. தீர்ந்தவற்றை முனைகளில் ஒட்டுநாடா சுற்றி, மூடியுள்ள டப்பாவில் சேர்த்துவைத்து, சேலம் போகும்போது மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடலாம். அந்த டப்பாவுக்குப் பொறுப்பாளராகப் பொம்மையை வளர்க்கும் பிள்ளையையே வைக்கலாம். ஊட்டவும் துடைக்கவும் கற்றுக்கொண்ட கைக்கு அதுவும் பழகிவிடும்.